லெப்டின் மரபணு: சுண்டெலியிடம் கண்டதை நம்மீது அப்படியே ஏற்றலாமா?

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் ஆறாம் படிவ மாணவர்களுக்கு உயிரியல் வகுப்பு எடுக்கிறேன். பசியைக் குறைக்கும் லெப்டின் என்ற ஹார்மோன் பற்றிப் பேச்சு வந்தாலே பிள்ளைகள் வீட்டுக் கவலையையும் சேர்த்துக் கொண்டுவருவார்கள். "சார், எங்க பாட்டி, அப்பா, அத்தை எல்லாருக்கும் இனிப்புநீர் (நீரிழிவு). பாடத்தில் வர்ற அந்தக் குண்டு எலிக்கு இருக்கிற மரபணுதான் எங்க குடும்பத்திலும் ஓடுதா?" நியாயமான கேள்வி. மலேசியாவின் 2019 தேசிய சுகாதார ஆய்வில் இனிப்புநீர் விகிதம் இந்தியர்களிடையேதான் அதிகமாக இருந்தது. அதனால்தான் இந்த மரபணுவை யாராவது தப்பாகச் சொன்னால் என்னால் சும்மா இருக்க முடிவதில்லை.

முதல் தவறு, இதைக் 'குண்டாக்கும் மரபணு' என்பது. விஷயம் நேர்மாறு. சுண்டெலியின் 6ஆவது குரோமோசோமில் உள்ள லெப் மரபணுவிலிருந்து உருவாகும் புரதம்தான் லெப்டின். கொழுப்புத் திசு அதைச் சுரந்து இரத்தத்தில் விடும். மூளையின் ஹைப்போதலாமஸ் அதை உணர்ந்ததும், உடம்பில் இருப்பு போதும் என்று பசியைக் குறைக்கும். 1949இல் அமெரிக்காவின் ஜாக்சன் ஆய்வகத்தில் தென்பட்ட குண்டு எலிகளில் இந்த மரபணு பழுதாகி, புரதச் சங்கிலி பாதியிலேயே அறுந்துபோயிருந்தது. தாய்வழி, தந்தைவழி இரண்டு நகலும் பழுதானால்தான் எலி அப்படி ஆகும். அதோடு இனப்பெருக்கமும் நின்றுவிடும். லெப்டினுக்குப் பசியைத் தாண்டியும் வேலை உண்டு.

அடுத்தது, இரண்டு வகை எலிகளைப் போட்டுக் குழப்புவது. குண்டு எலி ஒன்று. 1966இல் விவரிக்கப்பட்ட இனிப்புநீர் எலி இன்னொன்று. பார்க்க இரண்டும் ஒன்றுபோலவே கொழுத்திருக்கும். ஜாக்சன் ஆய்வக விஞ்ஞானி டக்ளஸ் கோல்மன் இவற்றை அறுவை செய்து, இரண்டிரண்டாக இரத்த ஓட்டம் கலக்கும்படி இணைத்துப் பார்த்தார். சாதாரண எலியோடு இணைத்ததும் குண்டு எலி குறைவாகத் தின்றது. ஆனால் இனிப்புநீர் எலியோடு இணைத்த சாதாரண எலி தின்பதையே நிறுத்தி, பட்டினியால் செத்தது. குண்டு எலியை இனிப்புநீர் எலியோடு இணைத்தபோதும் குண்டு எலிதான் மெலிந்து செத்தது. அப்படியானால் குண்டு எலியிடம் பசியடக்கும் சமிக்ஞையே இல்லை. இனிப்புநீர் எலியிடம் அது ஏராளமாக இருக்கிறது, ஏற்கத்தான் ஆளில்லை. 1994இல் ஜெஃப்ரி ஃப்ரீட்மேன் குழு லெப் மரபணுவைக் கண்டுபிடித்தது; அடுத்து லெப்டினை உணரும் ஏற்பிப் புரதத்தின் மரபணுவும் கிடைத்தது, கோல்மன் ஊகித்தது சரியென்று உறுதியானது. அவர் ஊகித்த காலத்தில் அந்தப் புரதமே யார் கைக்கும் கிடைக்கவில்லை என்பதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் மலைப்பாக இருக்கிறது.

மாணவர்கள் அடிக்கடி விட்டுவிடுவது எலியின் மரபு வழியை, அதாவது ஆய்வகத்தில் வளர்த்த எந்த வம்சத்து எலி என்பதை. அதே லெப் பழுது ஒரு வழி எலியில் லேசான, தானாகவே தணியும் சர்க்கரை ஏற்றத்தைத் தரும். இன்னொரு வழியில் கடுமையான இனிப்புநீராக முற்றும். சுற்றியிருக்கும் மற்ற மரபணுக்கள் முடிவையே மாற்றிவிடுகின்றன. ஆய்வேட்டில் 'எலிக்கு இனிப்புநீர் வந்தது' என்று மட்டும் எழுதினால் பாதி விஷயம் காணோம்.

சரி, மனிதர்கள்? நமக்கு இந்த மரபணு 7ஆவது குரோமோசோமில் இருக்கிறது. 1997இல் சொந்தத்தில் மணந்த பெற்றோருக்குப் பிறந்த உறவுப் பிள்ளைகள் இருவரிடம் இதே மாதிரி லெப்டின் குறைபாடு தெரியவந்தது. 8 வயதுப் பெண்பிள்ளை 86 கிலோ, 2 வயதுப் பையன் 29 கிலோ. லெப்டின் ஊசி போட்டதும் அந்தப் பெண்ணின் அடங்காத பசி அடங்கி, எடையும் குறைந்தது. ஆனால் இப்படிப்பட்டவர்கள் மிக மிக அரிது. கைக்குழந்தைப் பருவம் முதலே பசி அடங்காமல் எடை எகிறினால் மருத்துவரிடம் கேட்க வேண்டியதுதான். நடுவயதில் தொப்பை வைத்தவர் கதை வேறு. பருமனான பெரும்பாலானவர்களின் இரத்தத்தில் லெப்டின் அதிகமாகவே இருக்கிறது. மூளைதான் அதைச் சரியாகக் கேட்பதில்லை. அவர்களுக்கு மேற்கொண்டு லெப்டின் கொடுத்துப் பார்த்தும் பெரிய பலன் கிடைக்கவில்லை. 2014இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற லெப்டின் மருந்துகூட, உடம்பில் கொழுப்பே சேராத ஒரு அரிய நோய்க்குத்தான்.

இது தெரியாமல் செய்யும் தவறுதான் வீட்டைத் தாக்குகிறது. பசார் மாலாம் எனும் இரவுச் சந்தையில் மெலிந்த இடுப்புப் படம் ஒட்டிய டப்பாக்களில் 'லெப்டின்' மாத்திரை விற்கிறார்கள். லெப்டின் ஒரு புரதம்; விழுங்கினால் மற்ற புரதங்களோடு சேர்ந்து செரித்துப் போகும். இன்சுலினை ஊசியாகப் போடுவதும் இதே காரணத்தால்தான். காசு போனால் பரவாயில்லை, அப்புறம் இனிப்புநீர் மாத்திரையான மெட்ஃபார்மினையும் நிறுத்திவிடுகிறவர்கள் இருக்கிறார்களே, அதுதான் பயமாக இருக்கிறது. யாராவது வாங்கி வந்தால் டப்பாவோடு அரசாங்க கிளினிக்கில் மருந்தாளரிடம் காட்டுங்கள். எம்ஏஎல் (MAL) என்று தொடங்கும் மலேசிய மருந்துப் பதிவு எண் இருக்கிறதா என்று பாருங்கள். அது இல்லையென்றால் தொடவே வேண்டாம். இருந்தாலும், உள்ளே லெப்டின் இருக்கிறது, வேலை செய்கிறது என்பதற்கு அந்த எண் அத்தாட்சி இல்லை.