உண்ணிச்செடியை எடுத்த இடத்தில் என்ன நடுவது? புதியவர்களுக்கான செய்முறை

உண்ணிச்செடி மஞ்சளும் ஆரஞ்சுமாகப் பூத்து நிற்கும்போது அழகாகத்தான் இருக்கும். பட்டாம்பூச்சிகளும் தேன் குடிக்க வரும். அதனால் இதை ஏன் எடுக்க வேண்டும் என்று பலர் கேட்கிறார்கள். அதன் இலைகளைப் புரட்டிப் பாருங்கள். பட்டாம்பூச்சிப் புழு கடித்த ஓட்டை அநேகமாக ஒன்றுகூட இருக்காது. பக்கத்தில் எருக்கு இருந்தால் அதையும் புரட்டுங்கள். இலையெல்லாம் ஓட்டையாக இருக்கும். அடியில் கறுப்பு, வெள்ளை, மஞ்சள் பட்டைகளோடு வெந்தய வரியனின் புழு மேய்ந்துகொண்டிருக்கும்.

இந்த ஓட்டைகளுக்காகத்தான் இவ்வளவு வேலையும். பெரும்பாலான புழுக்கள் தலைமுறை தலைமுறையாகப் பழகிய சில செடிகளை மட்டுமே தின்னும். வெளியிலிருந்து வந்த உண்ணிச்செடி அந்தக் கணக்கில் சேராது. புழு இல்லையென்றால் பறவைக் குஞ்சுகளுக்கு இரை இல்லை. தானியம் பொறுக்கும் சிட்டுக்குருவிகூடத் தன் குஞ்சுக்குப் புழு பூச்சியைத்தான் ஊட்டுகிறது. அமெரிக்காவின் வாஷிங்டன் பகுதி வீட்டுத் தோட்டங்களில் சிக்கடி என்ற சிறு பறவையைப் பற்றி நடந்த ஓர் ஆய்வு 2018-இல் வெளிவந்தது. தோட்டத்து மரஞ்செடிகளில் அயல் செடிகளின் பங்கு 30 சதவீதத்தைத் தாண்டிய இடங்களில் அந்தப் பறவையால் தன் எண்ணிக்கையைத் தக்கவைக்க முடியவில்லை.

1. முதலில் அடையாளம் காணுங்கள்

நம் மொழியே கொஞ்சம் துப்புக் கொடுக்கிறது. பெயரில் 'சீமை' இருந்தால், சீமைக்கருவேலம் போல, அது கடல் கடந்து வந்ததாக இருக்கலாம். ஆனால் உண்ணிச்செடியின் பெயரில் அந்தத் துப்பு இல்லை. அதுவும் அமெரிக்க வெப்ப மண்டலத்திலிருந்து வந்ததுதான். வெளியிலிருந்து வந்ததெல்லாம் கெட்டது என்றும் எண்ண வேண்டாம். மிளகாயும் நிலக்கடலையும் அயல் செடிகள்தான். அவை காட்டுக்குள் ஓடிப் பரவி மற்றவற்றை அமுக்குவதில்லை. தானாகப் பரவி இடத்தைப் பிடித்துக்கொள்வதைத்தான் எடுக்க வேண்டும். சந்தேகம் இருந்தால் இலை, பூ, காய் மூன்றையும் படம் எடுத்து, செடிகளை நன்கு அறிந்த ஒருவரிடம் காட்டுங்கள். அதுவரை கத்தியை எடுக்காதீர்கள்.

2. நாற்றைத் தயார் செய்துவிட்டு வெட்டப் போங்கள்

பலரும் தலைகீழாகச் செய்வது இதைத்தான். நானும் முதல் தடவை ஒரே வாரத்தில் மொத்தப் புதரையும் எடுத்துவிட்டு நிம்மதியாக இருந்தேன். மழை பெய்ததும் அந்த வெற்று மண் முழுக்கப் பார்த்தீனியம் முளைத்தது. வெளிச்சம் பட்ட மண் சும்மா இருக்காது. அதில் எது முளைக்க வேண்டும் என்பதை நாம் முடிவு செய்யாவிட்டால், களை முடிவு செய்துவிடும்.

எதை நடுவது என்பது நீங்கள் இருக்கும் மண்ணைப் பொறுத்தது. இந்தியாவிலும் இலங்கையிலும் எருக்கு மண்ணின் செடி. ஆஸ்திரேலியாவின் வட பகுதியிலோ எருக்கு இனமே களையாகப் பரவியிருக்கிறது. ஆகவே இன்னொரு ஊர்க்காரரின் பட்டியலை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். பக்கத்தில் கலையாமல் இருக்கும் காட்டையோ புதரையோ போய்ப் பாருங்கள். அங்கே தானாக வளர்வதுதான் உங்கள் பட்டியல். விதை கொஞ்சமாக எடுக்கலாம்; செடியைப் பெயர்த்து வரக் கூடாது. நர்சரியில் வாங்கினால் தாவரவியல் பெயரைச் சொல்லிக் கேளுங்கள், ஒரே பெயரில் இரண்டு மூன்று செடிகள் இருக்கும்.

ஒன்றை மறக்காதீர்கள். முள் அடர்ந்த உண்ணிப் புதரில் சிறு பறவைகள் ஒளிந்துகொள்ளும், கூடும் கட்டும். அதை எடுத்தால் அந்தப் பாதுகாப்பைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். தென்னிந்திய மண் என்றால் காரை, சூரை போன்ற முள் புதர்கள் நல்ல ஈடு.

3. சிறு பகுதியாக எடுங்கள்

பத்தடிக்குப் பத்தடி போதும். வெட்டும் முன் புதரை விலக்கிக் கூடு இருக்கிறதா என்று பாருங்கள். முட்டையோ குஞ்சோ இருந்தால் அது பறக்கும்வரை அந்தப் பக்கம் போக வேண்டாம். கையுறையும் முழுக்கைச் சட்டையும் கட்டாயம். பார்த்தீனியம் பலருக்குத் தோல் அரிப்பையும் மூச்சுத் தொல்லையையும் தரும்.

உண்ணிச்செடியைத் தரையோடு வெட்டினால் அடுத்த மழைக்கே பல கிளைகளாகத் துளிர்க்கும். துளிர்க்கும் இடம் தண்டும் வேரும் சேரும் அந்தக் கணுதான். டெல்லி பல்கலைக்கழகத்தின் சி. ஆர். பாபு குழுவினர் பரப்பிய முறை எளிது: தூரைச் சுற்றி மண்ணைப் பறித்து, அந்தக் கணுவுக்குக் கீழே, மண்மட்டத்திலிருந்து 3 முதல் 5 சென்டிமீட்டர் ஆழத்தில் ஆணிவேரை வெட்டுங்கள். பிறகு செடியைத் தலைகீழாகக் கவிழ்த்துக் காயவிடுங்கள். தூர் மண்ணைத் தொடாததால் மறுபடி வேர்விடாது. பழம் பிடிப்பதற்கு முன்பே செய்தால் பாதித் தொல்லை குறையும். பழமும் விதையும் உள்ளதை எருக்குழியில் போட வேண்டாம்.

4. அன்றைக்கே நடுங்கள்

குழி, நாற்று, தண்ணீர், அப்புறம் நான்கு விரல் உயரத்துக்கு மூடாக்கு. காய்ந்த இலையே போதும், தண்டைத் தொடாமல் பரப்புங்கள். மழைக்காலத் தொடக்கம் இதற்குச் சரியான நேரம். மரம் மட்டும் நடாமல் புதர், கொடி, புல் எல்லாம் கலந்து நெருக்கமாக நடுங்கள். மண்ணில் நிழல் விழுந்தால்தான் களை அடங்கும்.

5. இரண்டு மூன்று மழைக்காலம் விடாமல் பாருங்கள்

பறவைகள் உண்ணிப்பழத்தைத் தின்றுவிட்டு வந்து உட்காரும் கிளைக்குக் கீழேதான் புதுக் கன்றுகள் அதிகம் முளைக்கும். மழைக்குப் பின் முதலில் அங்கே தேடுங்கள். விரல் நீளம் இருக்கும்போது இரண்டு விரலால் இழுத்தாலே வேரோடு வந்துவிடும். ஒரு வருடம் விட்டால் மறுபடி கடப்பாரைதான்.

முதல் பகுதி வேர்பிடித்த பிறகு அடுத்த பத்தடிக்குப் போங்கள். அதற்குள் நட்ட செடியின் இலையில் ஓட்டை விழுந்திருக்கும். மருந்தைத் தேடாமல் இலையைப் புரட்டிப் பாருங்கள். நாம் எதிர்பார்த்த விருந்தாளி வந்து சேர்ந்திருக்கும்.