ஆட்டக்காரர் அணியை விட்டுப் போகும்போது: கல்லூரிக் கூடைப்பந்து ரசிகர்கள் முறையாக விவாதிக்க ஒரு வழிகாட்டி

பீளமேட்டில் பி.எஸ்.ஜி. கோப்பை ஆட்டங்களையும், கரூரில் எல்.ஆர்.ஜி. நாயுடு நினைவுப் போட்டியையும் கேலரியில் அமர்ந்து பார்த்து வளர்ந்தவர்கள் கொங்கு நாட்டில் ஏராளம். அவர்களில் பலருடைய பிள்ளைகள் இன்று அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் படிக்கிறார்கள். அங்கே மாலை ஏழு மணிக்குத் தொடங்கும் குளிர்கால ஆட்டம் நமக்குக் காலை ஐந்தரை மணிக்கு வருவதால், ஈரோட்டிலும் திருப்பூரிலும் முதல் காப்பியோடு அமெரிக்கக் கல்லூரிக் கூடைப்பந்து பார்க்கும் வீடுகள் உருவாகிவிட்டன. ஏப்ரல் பிறந்ததும் அந்த வீடுகளில் ஒரே பேச்சுத்தான்: யார் போகிறார், யார் வருகிறார், அடுத்த ஆண்டு அணி தேறுமா? "அவன் போயிட்டானுங்க, இனி டீம் எந்திரிக்காதுங்க" என்று ஒருவர் தொடங்க, மற்றொருவர் அதைவிடப் பெரிய குரலில் மறுக்க, அரை மணி நேரம் கழிந்த பிறகும் இருவர் கையிலும் ஒரு எண்கூட இருப்பதில்லை. இந்த விவாதம் நல்ல விவாதம். ஆட்டத்தை ஆழமாகப் பார்க்கக் கற்றுக்கொடுக்கக்கூடிய விவாதம். ஆகவே அதை ஒழுங்காக நடத்தும் முறையை எழுதி வைப்பது பயனுள்ளது என்று கருதுகிறேன்.

முதலில், போனது எப்படிப்பட்ட போக்கு என்று கேளுங்கள்

ஒரு ஆட்டக்காரர் அணியை விட்டு நீங்குவதற்குப் பல வழிகள் உண்டு. ஒவ்வொன்றுக்கும் பொருள் வேறு. அமெரிக்கக் கல்லூரி ஆட்டத்தில் ஐந்து ஆண்டுகளுக்குள் நான்கு பருவங்கள் ஆடலாம் என்பதே நெடுங்காலமாக இருந்த அடிப்படை விதி. அந்தக் காலம் முடிந்து போகிறவரைப் பற்றி வருத்தப்படலாம், வாதம் செய்ய ஒன்றுமில்லை. பயிற்சியாளர் அவரது இடத்துக்கு ஆள் தேடியிருக்க வேண்டுமா என்பது மட்டுமே கேள்வி. அமெரிக்கத் தொழில்முறை லீக்கான என்.பி.ஏ. ஆண்டுதோறும் புதிய ஆட்டக்காரர்களை எடுக்கும் தேர்வுக்குப் பெயர் கொடுத்தவர், குறித்த நாளுக்குள் பெயரைத் திரும்பப் பெற்றால் கல்லூரிக்குத் திரும்பிவர இடமுண்டு என்பதால், பெயர் கொடுத்த அன்றே அவரைக் கணக்கிலிருந்து அடித்துவிடுவது அவசரம்.

மூன்றாவது வழியான வேறு கல்லூரிக்கு மாறுவதுதான் இன்றைய சச்சரவுக்கெல்லாம் மூலம். 2018 அக்டோபரில் மாற விரும்புகிறவர்களின் பெயர் ஏறும் டிரான்ஸ்பர் போர்ட்டல் என்ற பதிவேடு நடைமுறைக்கு வந்தது. அப்போது பெரும்பாலும் இடம் மாறியவர் ஒரு பருவம் வெளியே உட்கார வேண்டியிருந்தது. 2021 ஏப்ரலில் ஒருமுறை மாறினால் உடனே ஆடலாம் என்று விதி தளர்ந்தது. 2024 ஏப்ரலில், படிப்புத் தகுதி சரியாக இருந்தால் எத்தனை முறை மாறினாலும் உடனே ஆடலாம் என்றானது. இதற்கிடையே 2021 ஜூலை 1 முதல் ஆட்டக்காரர்கள் தம் பெயரையும் உருவத்தையும் விளம்பரத்துக்குத் தந்து பணம் ஈட்ட அனுமதி கிடைத்தது. 2025 ஜூனில் நீதிமன்றம் ஏற்ற உடன்பாட்டின்படி, பல்கலைக்கழகங்களே ஆட்டக்காரர்களுக்கு நேரடியாகப் பணம் கொடுக்கலாம். 2025-26 ஆம் ஆண்டுக்கு எல்லா விளையாட்டுகளுக்கும் சேர்த்து ஒரு பல்கலைக்கழகத்துக்கு உச்சவரம்பு ஏறத்தாழ 2.05 கோடி டாலர். அந்த உடன்பாட்டை ஏற்ற கல்லூரிகளில் கூடைப்பந்து அணிக்கு 15 பேர் என்பது வரம்பு. இந்த மாற்றங்களையெல்லாம் மனத்தில் வைத்துக்கொண்டு பேசினால், "முன்னெல்லாம் பையன்களுக்கு விசுவாசம் இருந்தது" என்ற வாக்கியம் தானாகவே வலுவிழந்துவிடும். முன்பு போனால் ஓராண்டு இழப்பு. இன்று அந்த இழப்பு இல்லை. மாறியது விதி.

போர்ட்டலில் பெயர் வந்தவர் எல்லாரும் போய்விட்டவர்கள் அல்லர் என்பதையும் கவனிக்க வேண்டும். பழைய கல்லூரி ஏற்றுக்கொண்டால் திரும்பி வரலாம். ஆனால் உதவித்தொகையைத் தொடர வேண்டிய கட்டாயம் அந்தக் கல்லூரிக்கு இல்லை. பயிற்சியாளர் வேறு இடம் போனதால் அணி கலைவது தனிக் கணக்கு. 2024 ஏப்ரலில் ஜான் காலிபாரி கென்டக்கியிலிருந்து அர்கான்சாவுக்குப் போனபோது, அவர் இடத்துக்கு வந்த மார்க் போப் ஏறக்குறைய அணி முழுவதையும் புதிதாகத் திரட்டினார். அந்த அணி 2025 தேசியப் போட்டியில் கடைசி 16 அணிகளுக்குள் வந்தது. அத்தனை பேரும் போய்விட்டார்களே என்று அந்த ஏப்ரலில் கைவிரித்தவர்களுக்கு இது பதில்.

இருநூறு நிமிடத் தாள்

இந்த வழிகாட்டியின் மையம் இதுதான். ஆட்டம் 40 நிமிடம், களத்தில் ஐந்து பேர். ஆக ஓர் ஆட்டத்தில் ஓர் அணி நிரப்ப வேண்டியது 200 ஆட்டக்காரர்-நிமிடங்கள். அமெரிக்க ஆண்கள் கல்லூரி ஆட்டம் 20 நிமிடப் பாதிகள் இரண்டு. நம் ஊரில் சர்வதேச விதிப்படி 10 நிமிடக் கால்பகுதிகள் நான்கு. இரண்டிலும் கூட்டுத்தொகை 200 என்பதால் இந்தத் தாள் இரண்டு இடத்துக்கும் பொருந்தும்.

ஒரு தாளை எடுத்து இடப்பக்கம் போகிறவர்களையும், வலப்பக்கம் இருப்பவர்களையும், ஒவ்வொருவரின் சராசரி நிமிடத்தோடு எழுதுங்கள். கற்பனையான ஓர் அணியை எடுத்துக்கொள்வோம். போகிறவர்கள் ஐவர்: 34, 29, 22, 15, 12 நிமிடம், கூட்டினால் 112. இருப்பவர்கள் ஐவர்: 31, 24, 18, 9, 6, கூட்டினால் 88. ஐந்து பேர் போனார்கள் என்ற பேச்சு இப்போது 112 நிமிடம் காலியாக இருக்கிறது என்ற தெளிவான கணக்காகிவிட்டது.

அடுத்து, இருப்பவர்களுக்கு நியாயமான உயர்வு கொடுங்கள். 31 நிமிடம் ஆடியவர் 33 ஆடலாம். அவரை 38 என்று எழுதினால் பிப்ரவரியில் அவருடைய முழங்கால்தான் பதில் சொல்லும். 24 ஆடியவர் 28, 18 ஆடியவர் 26, 9 ஆடியவர் 16, 6 ஆடியவர் 12 என்று வைத்தால், கூடுதலாகக் கிடைப்பது 27 நிமிடம் மட்டுமே. மீதி 85 நிமிடம் புதியவர்களிடமிருந்து வர வேண்டும். வேறு கல்லூரியிலிருந்து வரும் மூவர் 28, 25, 20 என 73 நிமிடம் ஆடினாலும், முதலாண்டு மாணவர் ஒருவர் 12 நிமிடம் தாங்க வேண்டும். இந்த இடத்துக்கு வந்த பிறகுதான் "பெஞ்சில் இருந்த பையன்களை வைத்தே சமாளிக்கலாம்" என்பவரும் "ஏழு புதுப் பையன்களைக் கொண்டு வர வேண்டும்" என்பவரும் ஒரே தாளைப் பார்த்துப் பேச முடியும். ஏழு பேர் வந்தால் அவர்களுக்கு 85 நிமிடம் போதாது. இருவர் மூவர் அடுத்த ஏப்ரலில் போய்விடுவார்கள்.

நிமிடங்களை எழுதும்போது இடத்தையும் சேர்த்து எழுதுவது அவசியம். காலியான 112 நிமிடத்தில் 63 நிமிடம் வெளியே நின்று பந்தை நடத்தும் கார்டுகளுடையது என்றால், கூடையடியில் நிற்கும் சென்டர்கள் இருவரை அழைத்து வந்த செய்தியைக் கொண்டாடுவதில் பொருளில்லை.

புள்ளி போகவில்லை, வாய்ப்புகள் கைமாறுகின்றன

ஆட்டத்துக்கு 18 புள்ளி எடுத்தவர் போனால் அணி 18 புள்ளி குறைந்துவிடும் என்று நினைப்பது மிகப் பரவலான பிழை. கல்லூரி அணி ஒன்றுக்கு ஓர் ஆட்டத்தில் பந்தைக் கையாளும் வாய்ப்பு ஏறத்தாழ 70 தான் கிடைக்கிறது. கீழ்பவானி வாய்க்காலில் முறைத் தண்ணீர் விடும்போது ஒரு வயலுக்குப் பாயாத நீர் அடுத்த வயலுக்குப் போவதுபோல, போனவர் பயன்படுத்திய வாய்ப்புகள் மற்றவர்களுக்குப் போகின்றன. ஆகவே கேட்க வேண்டியது, அவர் அந்த 18 புள்ளியை எத்தனை வாய்ப்பில் எடுத்தார் என்பதே.

கணக்கு எளிது. கூடையை நோக்கி எறிந்த எறிகளோடு, ஃபவுலுக்குக் கிடைக்கும் தடையற்ற எறியான ஃப்ரீ த்ரோவின் எண்ணிக்கையை 0.44 ஆல் பெருக்கி, பந்தை எதிரணியிடம் இழந்த டர்ன்ஓவரையும் கூட்டிக்கொள்ளுங்கள். ஒருவர் 12 எறி, 5 ஃப்ரீ த்ரோ, 2 டர்ன்ஓவர்: 16.2 வாய்ப்பு. மற்றொருவர் 18 எறி, 3 ஃப்ரீ த்ரோ, 4 டர்ன்ஓவர்: 23.3 வாய்ப்பு. இருவரும் 18 புள்ளி எடுக்கிறார்கள் என்றால், முதலாமவர் வாய்ப்புக்கு 1.11 புள்ளி, இரண்டாமவர் 0.77 புள்ளி. முதலாமவர் போனால் அழுவது நியாயம். இரண்டாமவர் போனால் அணி மேம்படவும் கூடும். ஆயினும் ஓர் எச்சரிக்கை: குறைந்த வாய்ப்பில் நன்றாக ஆடியவரிடம் வாய்ப்பை இரட்டிப்பாக்கினால் அதே திறன் நிற்காது, எதிரணியின் சிறந்த தடுப்பாளர் இப்போது அவரைத்தான் காவல் காப்பார்.

புள்ளிப் பட்டியலில் ஏறாத வேலையை நேரில்தான் பார்க்க முடியும். அடுத்தமுறை கேலரியில் உட்காரும்போது, எறி பறந்ததும் பந்தைப் பார்க்காமல் சென்டரைப் பாருங்கள். நல்ல சென்டர் உடனே குதிப்பதில்லை. முதலில் எதிராளியின் மார்பில் தன் முதுகைப் பொருத்தி, இடுப்பைத் தாழ்த்தி, கால்களை அகற்றி, அரை அடி பின்னால் தள்ளுகிறார். கூடையில் விழாத பந்து கீழே வரும்போது அதை எடுப்பது பக்கத்தில் நிற்கும் கார்டாகக்கூட இருக்கலாம், ரீபவுண்ட் அந்தக் கார்டின் பெயரில்தான் எழுதப்படும். இத்தகைய சென்டர் ஆறு புள்ளிச் சராசரியோடு அணியை விட்டுப் போகும்போது யாரும் பேசுவதில்லை. ஆனால் அடுத்த ஆண்டு அணி தோற்கும் காரணங்களில் அது ஒன்றாக இருக்கும். எதிரணி களம் முழுவதும் நெருக்கித் தடுக்கும் முழுக்கள அழுத்தத்தில் பந்தை நடுக்கோட்டைத் தாண்டிக் கொண்டு வருபவருக்கும் இது பொருந்தும்.

வருகிறவரை எடைபோடுதல்

சிறிய கல்லூரியிலிருந்து வருகிறவரை இளக்காரமாகப் பேசும் வழக்கம் நம்மிடம் இருக்கிறது. 2025 தேசிய இறுதி ஆட்டத்தை நினைத்துப் பாருங்கள். இந்திய நேரப்படி ஏப்ரல் 8 காலையில் நடந்த அந்த ஆட்டத்தில் ஃபுளோரிடா, ஹூஸ்டனை 65-63 என்று வென்றது. ஃபுளோரிடாவின் முதன்மைக் கார்டுகள் மூவரும் வெளியிலிருந்து வந்தவர்கள்: வால்டர் கிளேட்டன் அயோனாவிலிருந்து, அலைஜா மார்ட்டின் ஃபுளோரிடா அட்லாண்டிக்கிலிருந்து, வில் ரிச்சர்ட் பெல்மான்ட்டிலிருந்து. அரையிறுதியில் ஆபர்ன் அணிக்கு எதிராக 34 புள்ளி குவித்த கிளேட்டன், இறுதியாட்டத்தின் முதல் பாதியில் ஒரு புள்ளிகூட எடுக்கவில்லை. அன்று 18 புள்ளி எடுத்து அணியைத் தாங்கியவர் ரிச்சர்ட். எதிரே நின்ற ஹூஸ்டன் தன்னிடம் பல ஆண்டுகள் வளர்ந்த ஜேவான் ராபர்ட்ஸ், எமானுவேல் ஷார்ப் போன்றோரோடு, பேலரிலிருந்து வந்த எல்.ஜே. கிரையரையும் ஓக்லஹோமாவிலிருந்து வந்த மிலோஸ் உசானையும் கலந்து அணி கட்டியிருந்தது. ஆகவே வளர்ப்பதா, வரவழைப்பதா என்று இரண்டு கட்சியாகப் பிரிந்து நிற்பதைவிட, எந்த இடத்துக்கு எதைச் செய்தார்கள் என்று பார்ப்பதே பயன் தரும்.

மூன்று புள்ளி எறிதலில் 40 சதவீதம் என்று கேட்டவுடன் மயங்க வேண்டாம்; நாற்பது ஐம்பது எறிகளில் வந்த சதவீதம் அதிர்ஷ்டமாகவும் இருக்கலாம். கூடவே ஃப்ரீ த்ரோ சதவீதத்தையும் பாருங்கள், கை பழகியதா என்பதை அது காட்டிக்கொடுக்கும்.

நம் ஊர் அணிகளுக்கு

அமெரிக்க விதிகளைக் கோயம்புத்தூர்க் கல்லூரிகள்மேல் ஏற்றிப் பேசக் கூடாது. இங்கே போர்ட்டல் கிடையாது. படிப்பின் நடுவில் கல்லூரி மாறுவது எளிதல்ல. கலை அறிவியல் மாணவர் மூன்றாண்டிலும், பொறியியல் மாணவர் நான்காண்டிலும் முடிக்கிறார். அதன் பிறகு வங்கி, ரயில்வே, ராணுவம் என்று வேலை கிடைத்தால் போகிறார், அல்லது முதுகலைக்கு வேறு கல்லூரி சேர்கிறார். ஆகவே யார் எப்போது போவார் என்பது சேர்ந்த நாளிலேயே பெரும்பாலும் தெரிந்துவிடும். ரசிகர்கள் ஆண்டுவாரியாக ஒரு பட்டியல் வைத்திருந்தால், ஒரே ஆண்டில் மூன்று கார்டுகள் முடிக்கப் போகிறார்கள் என்பதை இரண்டாண்டுக்கு முன்பே கண்டு, பயிற்சியாளரிடம் மரியாதையாகக் கேட்கவும் செய்யலாம். வருகிறவர்கள் யார் என்பதோ பிளஸ் டூ முடிவு வந்து சேர்க்கை முடியும்வரை தெரியாது.

இன்னொரு வேறுபாடு: சர்வதேச ஸ்கோர் ஷீட்டில் யார் எத்தனை நிமிடம் ஆடினார் என்ற பத்தி இல்லை. இருநூறு நிமிடத் தாளை இங்கே எழுத வேண்டுமானால், நண்பர் ஒருவர் ஆட்கள் மாறும்போதெல்லாம் பலகையில் தெரியும் நேரத்தைக் கைப்பேசியில் குறித்துக்கொள்ள வேண்டும். இருவர் சேர்ந்தால் சிரமமே இல்லை.

பேசக் கூடாதவை

விவாதிக்கப்படுகிறவர் இருபது வயது மாணவர். அவருக்கு எவ்வளவு கொடுத்தார்கள் என்று காற்றில் வரும் தொகையை உண்மையாக எடுத்துக்கொண்டு பேசாதீர்கள். நம் பக்கத்தில் ஒரு பையன் போனாலும் வந்தாலும் "எந்த ஊருங்க, யாரூட்டுப் பையன்" என்ற கேள்வி எழும்; அது போகும் திசை நம் எல்லாருக்கும் தெரியும். ஆட்டக்காரரின் சாதியும் குடும்ப வசதியும் இந்தத் தாளில் எந்தப் பத்தியிலும் இடம் பெறாது. அந்தப் பேச்சு எழும்போது வயதில் மூத்தவர் ஒருவர் அதை அங்கேயே நிறுத்த வேண்டும். மாணவருக்கு நேரடியாக வசைச் செய்தி அனுப்புவது எந்த நிலையிலும் கூடாது.

கடைசியாக, தாளின் அடியில் தேதியிட்டு ஒவ்வொருவரும் தம் கணிப்பை எழுதிக் கையெழுத்திடுங்கள்: எந்த ஐவர் முதலில் இறங்குவார்கள், யாருக்கு எத்தனை நிமிடம், எத்தனை வெற்றி. புதிய பருவத்தில் பத்து ஆட்டங்கள் முடிந்ததும் அதை வெளியே எடுத்து, நிமிடக் கணக்கு தவறியதா, வாய்ப்புக் கணக்கு தவறியதா என்று தனித்தனியே பாருங்கள். நிமிடம் தவறியிருந்தால் பெரும்பாலும் காயமோ ஃபவுல் தொல்லையோ காரணமாக இருக்கும், அதற்கு யாரையும் குறை சொல்ல முடியாது. வாய்ப்புக் கணக்கு தவறியிருந்தால், யாருடைய திறனை மிகையாக மதிப்பிட்டோம் என்று அவர் பெயருக்கு எதிரே குறித்துவைத்து, அடுத்த ஏப்ரலில் அந்தத் தாளிலிருந்தே தொடங்குங்கள்.