இருட்டு ஹாலுக்கு வெளிச்சம் கொண்டுவருவது எப்படி? வாடகை வீட்டுக்கான செய்முறை

400, 450 சதுர அடியில் ஒரு ஹால், ஒரு பெட்ரூம், ஒருவர் நின்று சமைக்கிற அளவுக்கு ஒரு அடுக்களை. சென்னையில் நம் பட்ஜெட்டுக்கு அமைகிற வீடு பெரும்பாலும் இப்படித்தான் இருக்கிறது. குடிவந்ததும் சோபாவை மாற்றலாமா, வால்பேப்பர் ஒட்டலாமா என்று மனசு போகும். அதற்கெல்லாம் முன்னால் செய்ய வேண்டிய வேலை ஒன்று இருக்கிறது: வெளிச்சம் வருகிற வழியை அடைத்துக்கொண்டிருப்பதை எடுப்பது. அறையின் கடைசி மூலை பளிச்சென்று தெரிந்தால்தான் அறை முழுசாகக் கண்ணில் படும். மூலை இருட்டாக இருந்தால் 12 அடி ஹாலும் 8 அடியாகத்தான் தோன்றும். அந்தக் கடைசி மூலைக்கு வெளிச்சத்தைக் கொண்டுபோய்ச் சேர்க்கும் வழியைத்தான் இங்கே படிப்படியாகச் சொல்கிறேன். பைசா செலவில்லாதது முதலில், செலவுள்ளது அப்புறம்.

படி 1: இருட்டு எங்கே தொடங்குகிறது?

வெயில் உள்ள நாளில், காலை 11 மணி வாக்கில் எல்லா விளக்குகளையும் அணையுங்கள். கண் பழக ஐந்து நிமிடம் ஆகட்டும். செய்தித்தாளில் வரி விளம்பரப் பக்கத்தை எடுத்துக்கொண்டு ஜன்னல் பக்கத்திலிருந்து உள்ளே மெல்ல நடந்து வாருங்கள். உங்கள் நிழல் தாளில் விழாதபடி பக்கவாட்டில் நின்று படிக்க வேண்டும். எழுத்தைப் படிக்கக் கண்ணைச் சுருக்க வேண்டியிருக்கிற இடத்தில் தரையில் சாக்பீஸால் ஒரு கோடு போடுங்கள். ஒவ்வொரு படி முடிந்ததும் அதே நேரத்தில் இதைத் திரும்பச் செய்யுங்கள். கோடு உள்ளே நகர்ந்திருந்தால் வேலை பலித்திருக்கிறது.

படி 2: ஜன்னல்

அதிக நேரம் செலவிட வேண்டிய இடம் இதுதான். ஜன்னலின் கீழ்ப்பாதி வழியாக வருகிற வெளிச்சம் பக்கத்திலேயே தரையில் விழுந்துவிடும். அறையின் உள்ளே வெகுதூரம் போவது மேல்பாதி வழியாக வருகிற வெளிச்சம். வெளியே மறைப்பு இல்லாவிட்டால், ஜன்னலின் மேல்விளிம்பு இருக்கிற உயரத்தைப்போல் இரண்டு மடங்கு, மிஞ்சினால் இரண்டரை மடங்கு தூரம் வரை பகல் வெளிச்சம் உருப்படியாக எட்டும். மேல்விளிம்பு 7 அடியில் இருந்தால் 14 அடி. நம் ஹாலுக்கு அதுவே தாராளம். ஆனால் அந்த மேல்பாதியைத்தான் நாம் திரைச்சீலை, காலண்டர், தோரணம் என்று ஏதாவது போட்டு மூடி வைத்திருக்கிறோம்.

முதலில் வென்டிலேட்டரைப் பாருங்கள். பழைய வீடுகளில் அதன் கண்ணாடியில் முன்பு குடியிருந்தவர்கள் ஒட்டிய செய்தித்தாள் காய்ந்து மஞ்சளாகிக் கிடக்கும். வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் துணியை நனைத்துப் பத்து நிமிடம் அதன்மேல் ஒட்டவைத்தால் ஊறி உரிந்துவந்துவிடும். அடுத்தது கொசுவலை. வலை எப்படியும் கொஞ்சம் வெளிச்சத்தைத் தின்னும். ரோட்டோர வீட்டில் தூசு அடைந்த வலை இன்னும் நிறையத் தின்னும். வெல்க்ரோ வலை என்றால் மாதம் ஒருமுறை கழற்றி, சோப்புத் தண்ணீரில் அலசிக் காயவைத்து மாட்டுங்கள்.

திரைச்சீலைக் கம்பி ஜன்னலின் அகலத்துக்கே இருந்தால், திரையை ஒதுக்கினாலும் துணி கண்ணாடியின் மேலேயே குவிந்து நிற்கும். 4 அடி ஜன்னலுக்கு 6 அடிக் கம்பி போடுங்கள். இரண்டு பக்கமும் ஒவ்வொரு அடி கூடுதல். பகலில் திரை முழுவதும் சுவர்மேல் போய்விடும். மேற்குப் பார்த்த ஜன்னலுக்கு மட்டும் மெல்லிய வெள்ளைப் பருத்தித் துணி வைத்துக்கொள்ளுங்கள். சாயங்கால வெயில் தணிந்து பரவலாக வரும். இன்னொன்று: சென்னையில் ஏப்ரல் கடைசியிலிருந்து ஆகஸ்ட் நடுப்பகுதி வரை நண்பகல் சூரியன் தலைக்கு வடக்கே இருக்கிறது. அந்த மாதங்களில் வடக்கு ஜன்னலிலும் வெயில் எட்டிப் பார்க்கலாம்.

ஜன்னல் பதிந்திருக்கிற வெளிச்சுவர் பெரும்பாலும் 9 அங்குல கனம் இருக்கும். அந்தக் கனத்தின் பக்கவாட்டுப் பரப்புகளுக்கு வெள்ளை அடித்தால் அவையே வெளிச்சத்தை உள்ளே திருப்பி அனுப்பும். கிரில் கறுப்பாகவோ கரும்பழுப்பாகவோ இருந்தால் அதற்கும் வெள்ளை எனாமல் அடியுங்கள். அரை லிட்டரில் முடிகிற வேலை, விடுமுறை நாளில் நீங்களே செய்யலாம்.

மூன்றடி தள்ளிப் பக்கத்து வீட்டுச் சுவர் நிற்கிறதா? அப்படியானால் உங்கள் ஜன்னலுக்கு வானம் தெரியாது, அந்தச் சுவர்தான் தெரியும். அது பூசாத சிமென்ட் சுவராக இருந்தால், வெள்ளை அடித்துத் தரலாமா என்று உரியவரிடம் கேளுங்கள், செலவு உங்களுடையது என்றே சொல்லுங்கள். கூச்சப்பட வேண்டாம். தரைத்தள வீடுகளுக்கு இதைவிட உதவுகிற வேலை வேறு இல்லை.

படி 3: சாமான்கள்

பீரோவை ஜன்னலை ஒட்டி நிறுத்தாதீர்கள். ஆறரை அடி உயர இரும்புப் பீரோ பக்கவாட்டு வெளிச்சத்தை மொத்தமாக வெட்டிவிடும். வாசல் கதவு இருக்கிற சுவரிலேயே அதை வையுங்கள். உள்ளே நுழைகிறவர் கண்ணில் முதலில் படாது.

இப்போது வாசலில் நின்று எதிர் மூலையைப் பாருங்கள். அந்தக் குறுக்குக் கோட்டில் தரை தெரிய வேண்டும். கால் வைத்த நாற்காலி, மடக்கு மேசை, அடியில் காற்றோட்டமுள்ள கட்டில் எல்லாம் நல்லவை. சாமானின் அடியிலும் தரை தெரிந்தால் அறை நீள்கிறது. நடக்கிற வழிக்கு இரண்டரை அடி விடுங்கள். சிவப்பு ஆக்சைடு தரை என்றால் ஜன்னலுக்குக் கீழே வெளிர்நிறக் கோரைப்பாய் விரியுங்கள். அங்கே விழுகிற வெளிச்சம் கூரைக்கு எழும்பும்.

படி 4: கண்ணாடி

ஆணி அடிப்பதற்கு முன்னால், முகம் பார்க்கும் கண்ணாடியைக் கையில் பிடித்து நகர்த்திப் பாருங்கள். ஜன்னலை ஒட்டிய பக்கவாட்டுச் சுவரில் வைத்தால் வெளிச்சம் உள்ளே சாய்ந்து போகும். நேர் எதிர்ச்சுவரில் வைத்தால் இன்னொரு ஜன்னல் இருப்பதுபோல் தெரியும். இருட்டு மூலைக்கு முதலாவதுதான் நல்லது என்பது என் கருத்து. கண்ணாடியில் என்ன தெரியும் என்பதையும் கவனியுங்கள். துணிக் கொடியும் கேஸ் சிலிண்டரும் இரண்டிரண்டாகத் தெரிந்தால் இடம் குறுகியதுபோல்தான் இருக்கும்.

2 அடிக்கு 4 அடி, 4 மில்லிமீட்டர் கண்ணாடி கிட்டத்தட்ட ஏழரை கிலோ இருக்கும். இரட்டைப் பக்க டேப்பை நம்பி ஒட்டாதீர்கள். கடையிலேயே விளிம்பைத் தேய்த்து வாங்கி, பிளக் அடித்து ஸ்க்ரூவில் மாட்டுங்கள். துளை போட ஹவுஸ் ஓனரிடம் முதலிலேயே கேட்டுவிடுங்கள்.

படி 5: பெயிண்ட்

முழு வீட்டுக்கும் அடிக்கத் தேவையில்லை. கூரையும், ஜன்னலுக்கு எதிரே இருக்கிற சுவரும் போதும். நல்ல வெள்ளை தன்மேல் விழுகிற வெளிச்சத்தில் 80 சதவீதத்துக்கு மேல் திருப்பி அனுப்பும். அடர் நீலமும் கரும்பச்சையும் பெரும்பகுதியை விழுங்கிவிடும். 10 அடிக்கு 12 அடி ஹாலில் கூரை 120 சதுர அடி, 10 அடிச் சுவர் கிட்டத்தட்ட 95 சதுர அடி. இரண்டு தடவை பூச, ஒரு லிட்டர் எமல்ஷன் (தண்ணீர் கலந்து அடிக்கிற சுவர் பெயிண்ட்) சுமார் 50 முதல் 60 சதுர அடி பிடிக்கும். ஆகவே 4 லிட்டர் டப்பா ஒன்று சரியாக இருக்கும்.

சுவரைக் கையால் தடவிப் பாருங்கள். மாவு மாதிரி ஒட்டினால் அது பெரும்பாலும் டிஸ்டம்பர் என்கிற பழைய மலிவுப் பூச்சு. அதன்மேலேயே எமல்ஷன் அடித்தால் சில மாதங்களில் உரிந்துவிடும். சுரண்டி, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, தூசு துடைத்து, பெயிண்ட் பிடிப்பதற்கான அடிப்பூச்சு (பிரைமர்) ஒரு தடவை அடித்த பிறகு எமல்ஷன். பளபளப்பில்லாத ரகம் வாங்குங்கள், பட்டி பார்த்த மேடுபள்ளம் தெரியாது. ஐப்பசி, கார்த்திகை மழையில் வேண்டாம், தை பிறக்கட்டும்.

படி 6: ராத்திரி வெளிச்சம்

நடுக்கூரையில் ஒரே விளக்கு இருந்தால் மூலைகள் இருண்டே கிடக்கும். 4 அடி, 20 வாட் எல்இடி பேட்டன் (டியூப்லைட் மாதிரி நீள விளக்கு) ஏறக்குறைய 2000 லூமென் தரும்; லூமென் என்பது வெளிச்சத்தின் அளவு. அதை இருட்டு மூலைப் பக்கத்துச் சுவரின் மேல் பகுதியில் போடுங்கள். உட்காருகிற இடத்துக்கு 9 வாட் பல்ப் ஒன்று, சுவரைப் பார்த்துத் திரும்பியபடி. அட்டைப்பெட்டியில் வெளிச்சத்தின் நிறத்தைச் சொல்லும் கெல்வின் எண் இருக்கும்: 3000 மஞ்சள், 6500 நீலம் கலந்த வெள்ளை. சின்ன ஹாலுக்கு 4000 பொருந்தும். எந்த எண்ணை எடுத்தாலும் எல்லா விளக்கையும் அதே எண்ணில் வாங்குங்கள். ஒரு மூலை மஞ்சள், ஒரு மூலை நீலம் என்றால் அறை துண்டு துண்டாகத் தெரியும்.