ஈரத்தால் புண்ணாகும் தோல்: மதிப்பீட்டுப் படிவத்தை வார்டில் சோதிக்கும் முறை

மலமும் சிறுநீரும் கட்டுப்படாத நோயாளிக்குத் தோல் சிவந்து உரிவதைப் பதிவு செய்யப் படிவங்கள் இருக்கின்றன. பெல்ஜியத்தின் கெண்ட் (Ghent) பல்கலைக்கழகத்தில் உருவான குளோபியாட் (GLOBIAD) படிவத்தில் நான்கே பிரிவுகள். நீடித்த சிவப்பு மட்டும் இருந்தால் 1ஏ, அதோடு தொற்று அறிகுறியும் இருந்தால் 1பி. தோல் உரிந்திருந்தால் 2ஏ, உரிந்த இடத்தில் தொற்றும் தெரிந்தால் 2பி. இதுபோன்ற படிவத்தை உங்கள் வார்டுக்குக் கொண்டுவரும் முன், இரண்டு செவிலியர் தனித்தனியே பார்த்தாலும் ஒரே பிரிவைக் குறிக்கிறார்களா என்று சோதித்தே ஆக வேண்டும். தவறாகக் குறித்தால் சிகிச்சையும் தவறிவிடும். பூஞ்சைத் தொற்றுக்கு வெறும் தடுப்புக் க்ரீமைத் தடவிக்கொண்டிருப்பார்கள்.

படிவத்தை நீங்களே மொழிபெயர்த்திருந்தால் முதலில் உள்ளடக்கத்தைச் சரிபாருங்கள். புண் பராமரிப்பில் அனுபவமுள்ள எட்டுப் பேர் ஒவ்வொரு வரிக்கும் பொருத்தத்தைப் பார்த்து 1 முதல் 4 வரை மதிப்பெண் போடட்டும். 3 அல்லது 4 போட்டவர்களின் விகிதம் 0.78-க்குக் குறையக் கூடாது. எட்டில் ஏழு பேர் என்றால் 0.88, அந்த வரி நிற்கும். ஆறு பேர் என்றால் 0.75, திருத்தி எழுத வேண்டும்.

அடுத்தது, செவிலியர் பார்த்துப் பிரிவைக் குறிப்பதற்கான படங்கள். முப்பது, நாற்பது போதும். ஆனால் எல்லாமே ஈரத்தால் வந்த பாதிப்பாக இருந்தால் சோதனைக்கே அர்த்தமில்லை. நல்ல தோல், படுக்கைப் புண், பூஞ்சைத் தொற்று, கருமையான தோல் எல்லாம் கலந்திருக்க வேண்டும். கருமையான தோலில் சிவப்பு சிவப்பாகத் தெரியாது. ஊதா கலந்தோ சுற்றியுள்ள தோலைவிட அடர்ந்தோதான் தெரியும். அந்தரங்க உறுப்புகளின் படங்கள் என்பதால் எழுத்துபூர்வ ஒப்புதல் இல்லாமல் ஒன்றுகூட எடுக்காதீர்கள். முகமோ அடையாள வளையமோ படத்தில் வரக் கூடாது. இரண்டு வாரம் கழித்து வரிசையைக் கலைத்து அதே படங்களை அதே ஆட்களிடம் கொடுத்தால், ஒருவர் தன் விடையிலேயே நிலையாக இருக்கிறாரா என்பதும் தெரிந்துவிடும்.

படத்தில் தொட்டுப் பார்க்க முடியாது, அதனால் படுக்கையருகிலும் சோதிக்க வேண்டும். மென்மையாகச் சுத்தம் செய்து, துடைத்ததால் வந்த சிவப்பு அடங்கும்வரை பொறுங்கள். பிறகு ஒரே வெளிச்சத்தில், அரை மணி நேரத்துக்குள் இருவரும் பார்க்கட்டும். ஒருவர் குறித்தது மற்றவர் கண்ணில் படக் கூடாது. ஜிங்க் க்ரீம் தோலில் ஒட்டியிருந்தால் வெள்ளைப் படலம் போலத் தெரிந்து 2பி என்று குறிக்கவைக்கும். அதைத் தேய்த்து எடுத்தால் தோல் இன்னும் உரியும். ஆகவே அடுத்த பூச்சுக்கு முன் பார்க்கும்படி நேரத்தை அமைத்துக்கொள்ளுங்கள்.

இனி கணக்கு. சதவீதத்தை மட்டும் நம்பினால் ஏமாற்றம்தான். 100 மதிப்பீடுகளில் 85-ல் இருவரும் "பாதிப்பில்லை", 5-ல் இருவரும் "பாதிப்புண்டு", மீதி 10-ல் ஆளுக்கு ஐந்தாக மாறுபாடு என்று வைத்துக்கொள்வோம். ஒற்றுமை 90 சதவீதம். ஆனால் இருவருமே 90 பேருக்கு "இல்லை" என்று குறித்திருப்பதால், தற்செயலாகவே 82 சதவீதம் ஒத்துப்போகும். தற்செயல் ஒற்றுமையைக் கழித்துவிட்டு உடன்பாட்டை அளக்கும் எண்ணே கேப்பா. கேப்பா = (0.90 − 0.82) ÷ (1 − 0.82) = 0.44. நடுத்தரம்தான். 0.61-க்கு மேல் வந்தால் நல்ல உடன்பாடு என்பது பரவலான வழக்கம். நான்கு பிரிவுகளுக்கு எடையிட்ட கேப்பா, அதாவது அடுத்தடுத்த படிகளில் மாறினால் சிறிய தவறு, தள்ளி மாறினால் பெரிய தவறு என்று கணக்கிடும் வகை, வேண்டாம். 1பி-யும் 2ஏ-வும் ஒரே ஏணியின் படிகள் அல்ல.

எண் குறைவாக வந்தால் உடனே செவிலியரைக் குறை சொல்லாதீர்கள். யார் எதை எதுவாகக் குறித்தார் என்று நான்குக்கு நான்கு அட்டவணை போடுங்கள். 1ஏ-வுக்கும் 1பி-க்கும் இடையே குழப்பம் குவிந்திருந்தால், சிவப்பின் ஓரத்தில் சிதறிக் கிடக்கும் சிறு புள்ளிகள் பூஞ்சையின் அறிகுறி என்பதைப் படத்தோடு பயிற்றுவியுங்கள். படுக்கைப் புண்ணோடு குழம்பினால் படிவத்தின் தலையிலேயே ஒரு கேள்வியைச் சேருங்கள்: "நோயாளிக்கு மலமோ சிறுநீரோ கட்டுப்படாமல் போகிறதா?" இல்லை என்றால் இந்தப் படிவமே அவருக்குப் பொருந்தாது. ஆம் என்றால் விளிம்பைப் பாருங்கள். எலும்பு துருத்தும் இடத்தில் தெளிவான விளிம்போடு இருந்தால் அழுத்தத்தைச் சந்தேகியுங்கள். பிட்டப் பிளவிலும் தொடையின் உட்புறத்திலும் விளிம்பு தெரியாமல் பரவியிருந்தால் பெரும்பாலும் ஈரம்தான் காரணம். இரண்டும் ஒரே இடத்தில் சேர்ந்தும் வரும், அதைக் குறிக்கவும் படிவத்தில் இடம் விடுங்கள். திருத்திய பிறகு புதிய படங்களோடு மறுபடி சோதியுங்கள்.