கஞ்சாவை நிறுத்திய முதல் மூன்று வாரங்களைக் கடப்பது எப்படி?

கஞ்சாவை விட முயன்று மீண்டும் அதற்கே திரும்பியவர்களில் பலர் தூக்கம் வராததையே காரணமாகச் சொல்வார்கள். கஞ்சா இல்லாமல் தம்மால் தூங்க முடியாது என்ற முடிவுக்கு அவர்கள் வந்துவிடுகிறார்கள். ஆனால் அந்தத் தூக்கமின்மை, பழகிய பொருள் திடீரென நின்றதால் வரும் விலகல் அறிகுறி. நாளடைவில் அது அடங்கிவிடும். இதை முன்கூட்டியே அறிந்திருப்பது பாதி வேலையை முடித்ததற்குச் சமம் என்பது என் கருத்து.

பழக்கம் சிக்கலாகிவிட்டதா என்பதை முதலில் நேர்மையாகக் கணித்துக்கொள்ளுங்கள். 2013-இல் வெளியான டிஎஸ்எம்-5 என்னும் மனநல வகைப்பாட்டு நூல் இதற்கு 11 அளவுகோல்களைத் தருகிறது. நினைத்ததைவிட அதிகமாகப் பயன்படுத்துவது, குறைக்க முயன்றும் முடியாமற்போவது, வேலையும் படிப்பும் கெடுவது, அதே போதைக்குக் கூடுதல் அளவு தேவைப்படுவது முதலியவை அவற்றில் அடங்கும். ஓராண்டுக் காலத்துக்குள் இரண்டு பொருந்தினாலே அது கஞ்சா பயன்பாட்டுக் கோளாறாகக் கருதப்படுகிறது. ஆறோ அதற்கு மேலோ பொருந்தினால் அது கடுமையான நிலை.

கஞ்சாவில் போதை தரும் டிஎச்சி, மூளையின் செல்களில் அதைப் பற்றிக்கொள்ளும் சிபி1 ஏற்பிகளைத் தூண்டுகிறது. நாள்தோறும் தூண்டப்படும்போது அந்த ஏற்பிகள் குறைந்துபோகின்றன. நிறுத்திய சில நாட்களிலேயே மீளத் தொடங்கி, ஏறத்தாழ நான்கு வாரங்களில் இயல்பை நெருங்குகின்றன. இடைப்பட்ட நாட்களில்தான் எரிச்சல், பதற்றம், பசியின்மை, வியர்வை, தெளிவான கெட்ட கனவுகள் எல்லாம் வருகின்றன. பெரும்பாலும் ஓரிரு நாட்களில் தொடங்கி, முதல் வாரத்தில் உச்சமடைந்து, இரண்டு மூன்று வாரங்களில் இவை தணியும். தூக்கக் குறைபாடு மட்டும் சற்று நீளலாம். டிஎச்சி கொழுப்பில் தங்குவதால், நெடுநாள் பயன்படுத்தியவரின் சிறுநீரில் நிறுத்திய பின்னும் வாரக்கணக்கில் அதன் தடயம் தெரியக்கூடும். அதை வைத்து அவர் பொய் சொல்கிறார் என்று வீட்டார் முடிவுகட்ட வேண்டாம்.

நிறுத்தும் நாளைக் குறித்துக்கொண்டு, அதற்கு முந்தைய நாளே மிச்சமிருக்கும் கஞ்சாவையும் புகைக்கும் கருவிகளையும் அப்புறப்படுத்துங்கள். ஒரேயடியாக விட இயலாதவர்கள், நாளின் முதல் புகையைத் தள்ளிப்போட்டும் அளவைக் குறைத்தும் அந்த நாளை நோக்கி வரலாம். புகையிலையுடன் கலந்து புகைத்தவர்களுக்கு நிகோடின் ஏக்கமும் சேர்ந்துகொள்ளும் என்பதால், தோலில் ஒட்டும் நிகோடின் பட்டை பற்றி மருத்துவரிடம் கேட்பது நல்லது. இரவு எப்படிக் கழிந்தாலும் காலையில் ஒரே நேரத்தில் எழுங்கள். நண்பகலுக்குப் பின் காபி, தேநீரைத் தவிருங்கள். தூக்கம் பிடிக்காவிட்டால் புரண்டுகொண்டிருக்காமல் எழுந்து, மங்கிய வெளிச்சத்தில் அமைதியான ஏதாவது செய்யுங்கள். மதுவை மாற்றாக வைத்துக்கொள்வது ஒரு சிக்கலைக் கொடுத்து இன்னொன்றை வாங்குவதாகவே முடியும். ஏக்கம் அலைபோல எழுந்து தானே இறங்கும் இயல்புடையது. அது எழும்போது இடத்தை மாற்றுங்கள், யாரிடமாவது பேசுங்கள்.

இக்கோளாறுக்கென்றே அங்கீகரிக்கப்பட்ட மருந்து இதுவரை இல்லை. எண்ணங்களையும் பழக்கங்களையும் மாற்றப் பயிற்றுவிக்கும் அறிவாற்றல் நடத்தை சிகிச்சையும், மாறுவதற்கான உந்துதலை வளர்க்கும் ஆலோசனையும் பயன் தருகின்றன. இவற்றை இணைத்துப் பெறுவது இன்னும் நல்லது. இடையில் ஒருமுறை தவறினால், எந்தச் சூழலில் தவறினீர்கள் என்று எழுதிவைத்து ஆலோசகரிடம் காட்டுங்கள்.

சிலர் தனியாக முயலவே கூடாது. டிஎச்சி போலச் செயல்படும் வகையில் செயற்கையாகத் தயாரிக்கப்படும் கன்னாபினாய்டுகளைப் பயன்படுத்தியவர்களுக்கு நிறுத்தும்போது வலிப்புகூட வரலாம். குளோசபின், ஓலான்சபின் ஆகிய மனநோய் மருந்துகளை உட்கொள்பவர்கள் புகைப்பதை நிறுத்தினால் இரத்தத்தில் அவற்றின் அளவு உயரக்கூடும் என்பதால், நிறுத்துவதற்கு முன்பே மருத்துவரிடம் தெரிவிக்க வேண்டும். நெடுநாள் பழக்கமுள்ளவருக்கு அடிக்கடி கடும் வாந்தி வந்து, சுடுநீரில் குளித்தால் மட்டும் தணிந்தால், அது கஞ்சாவாலேயே வருவதாக இருக்கலாம்; அதை நிறுத்துவதே அதற்கு நிலையான தீர்வு. காதில் குரல்கள் கேட்பது, பிறர் தமக்குத் தீங்கிழைப்பதாக உறுதியாக நம்புவது, உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் ஆகியவற்றில் எது தோன்றினாலும் அன்றே மருத்துவமனைக்குச் செல்லுங்கள்; எவ்வளவு, எத்தனை காலம் பயன்படுத்தினீர்கள் என்பதை மறைக்காமல் சொல்லுங்கள்.