ஒயின் திராட்சைக்கு நிலம் பார்க்கும்போது செய்யும் தவறுகள்

"அருமையான மண்ணுங்க, நெல், கரும்பு, வாழை எது போட்டாலும் வரும்" என்று தரகர் சொன்னால், ஒயின் திராட்சை நட நினைப்பவர் அடுத்த நிலத்தைக் காட்டச் சொல்வது நல்லது. அவர் பொய் சொல்லவில்லை. அந்த மண் ஒயினுக்கு வேண்டியதைவிட நல்ல மண், அவ்வளவுதான்.

நானே இதில் மாட்டியவன். ராயக்கோட்டைப் பக்கம் ஏரிக்குக் கீழே உள்ள அரை ஏக்கர் வண்டலில்தான் முதலில் நட்டேன். கொடி பந்தலை மூடிப் படர்ந்தது, குலை குலையாகக் காய்த்தது. பழம் வாங்க வந்தவர் இரண்டைத் தின்று பார்த்தார். "தண்ணியா இருக்குதுங்க" என்று சொல்லிவிட்டு வண்டியேறிப் போய்விட்டார். சிவப்பு ஒயினின் நிறமும் துவர்ப்பும் தோலிலும் விதையிலும்தான் இருக்கின்றன. தண்ணீரும் தழைச்சத்தும் தாராளமாகக் கிடைத்தால் பழம் பருக்கும், சாற்றின் அளவுக்கு ஏற்ற தோல் இருக்காது. இலை நிழலுக்குள் கிடக்கும் குலையில் நிறம் ஏறாது, மணமும் சேராது. காய் நிறம் மாறும் சமயத்தில் கொடிக்குக் கொஞ்சம் தாகம் வேண்டும். தளிர் ஓடுவது நின்றால்தான் சர்க்கரை பழத்துக்குப் போகும். மாங்காய் விளைவிக்கும் நம்மூர்க்காரர்களுக்கு இது புதிதல்ல. பறிக்கும் முன் தண்ணீர் பாய்ச்சிய தோப்பின் பழம் சப்பென்று இருக்கும் என்பது தெரிந்ததுதானே.

இதற்கு நேர் எதிரான இன்னொரு மயக்கமும் உண்டு. மண்ணில் உள்ள கல்லின் ருசி ஒயினில் இறங்குகிறது என்ற நம்பிக்கை. ஜெர்மனியின் மோசெல் பள்ளத்தாக்கு சிலேட்டுக் கல்லையும், பிரான்சின் சாப்லி சுண்ணாம்பு மண்ணையும் சொல்லிச் சொல்லியே விற்கிறார்கள். கிருஷ்ணகிரி கிரானைட்டையும் அப்படிச் சொல்லி விற்கலாம்தான். ஆனால் வேர் கல்லைத் தின்பதில்லை, தண்ணீரில் கரைந்த சத்துகளை மட்டுமே உறிஞ்சுகிறது. பிரான்சின் ஒயின் பகுதியான போர்தோவின் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜெரார் செகன் அந்தப் பகுதியின் பெயர்பெற்ற தோட்டங்களைப் பல ஆண்டுகள் ஆராய்ந்தார். அவற்றுக்குப் பொதுவாக ஒரே வகை மண் என்று எதுவும் இல்லை. கொடிக்குத் தண்ணீர் அளவோடும் சீராகவும் கிடைத்ததுதான் பொதுவாக இருந்தது. அங்கே மெடோக்கின் சரளை மண் சீக்கிரம் சூடாகும், நீர் நிற்காது, அதனால் தாமதமாகப் பழுக்கும் கபர்னே சோவின்யோன் ரகத்துக்கு ஏற்றது. பக்கத்திலேயே பொமரோலின் களிமண் குளிர்ச்சியானது, சீக்கிரம் பழுக்கும் மெர்லோ ரகத்துக்கு ஒத்துவருகிறது.

ஆக, மேல் மண்ணைக் கையில் அள்ளிப் பார்த்து "செம்மண், போதும்" என்று முடிவெடுப்பதுதான் நம் பக்கத்தில் அதிகம் நடக்கும் தவறு. ஜேசிபியை அழைத்து 5 அடிக்குக் குழி எடுங்கள். ஒரே கொல்லையில் மூன்று இடத்தில் எடுத்தாலும் மூன்று கதை சொல்லும். ஒன்றில் 3 அடிவரை செம்மண், அதன் கீழே சரளைக்கல் கலந்த மொரம்பு, அப்புறம் நைந்த பாறை. இது நல்ல சகுனம், வேர் இடுக்கில் இறங்கிவிடும். இன்னொன்றில் ஒன்றரை அடியிலேயே கெட்டிப்பாறை. மூன்றாவதில் சுக்கான், அதாவது சுண்ணாம்பு இறுகிய அடுக்கு. குழியில் தண்ணீர் ஊற்றி மறுநாள் காலை போய்ப் பாருங்கள். அப்படியே நின்றால் மழைக்காலத்தில் வேர் அழுகும். பரிசோதனைக்கும் ஒவ்வோர் அடியிலிருந்தும் தனித்தனியாக மண் எடுத்துக் கொடுங்கள். போர் தண்ணீரையும் சேர்த்துக் கொடுங்கள். உப்புத் தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக விட்டால் எந்த மண்ணும் சில வருடத்தில் கெடும்.

ஒட்டுக் கட்ட அடியில் வைக்கும் வேர்ச்செடியைத் தேர்ந்தெடுப்பதும் இதற்குப் பிறகுதான். டாக்ரிட்ஜ் என்ற வேர்ச்செடி உப்பைத் தாங்கும் என்று எல்லோரும் வாங்குகிறார்கள். கொடியை வெறித்தனமாக வளர்ப்பதும் அதுவே. வளமான மண்ணில் அதை வைப்பது எரிகிற அடுப்பில் எண்ணெய் ஊற்றுவது போல. சுக்கான் மண்ணில் இலை மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாக நின்றால், சுண்ணாம்பு இரும்புச்சத்தைத் தடுக்கிறது என்று பொருள்.

அடுத்தது உயரம். மேலுமலைக் கணவாயில் பஸ் ஏறும்போது ஜன்னல் காற்று மாறுவது நம் எல்லோருக்கும் தெரியும். கிருஷ்ணகிரி ஏறத்தாழ 500 மீட்டர், ஓசூர் ஏறத்தாழ 900 மீட்டர். 1000 மீட்டருக்குச் சுமார் 6.5 டிகிரி குறையும் என்ற கணக்கில் பார்த்தால் இரண்டுக்கும் இரண்டரை டிகிரி வித்தியாசம். இரண்டு இடத்திலும் அதே செம்மண்தான், ஆனால் ஒயின் ஒன்றாக இருக்காது. இரவு புழுங்கினால் பழத்தின் மாலிக் அமிலம் வேகமாகக் கரைந்துபோகும், புளிப்பில்லாத ஒயின் மந்தமாக இருக்கும். அதனால் கிருஷ்ணகிரியைப் போலவே தாழ்வான காவேரிப்பட்டணத்தில் வெள்ளை ஒயின் ரகம் நட நினைப்பவரை நான் தடுக்கவே பார்ப்பேன். பெங்களூருக்கு வடக்கே நந்தி மலைச் சுற்றுவட்டாரத்தில் ஒயின் தோட்டங்கள் அமைந்ததற்கு உயரமும் முக்கியக் காரணம்.

மகாராஷ்டிராவின் திராட்சை ஊரான நாசிக்கில் கொடியை வெட்டிவிடும் கவாத்துத் தேதியை அப்படியே காப்பியடிப்பதும் ஆபத்து. அங்கே செப்டம்பர் கடைசியில் மழை விலகத் தொடங்கும். நமக்கு அக்டோபர், நவம்பரிலும் பெய்யும். பூக்கும் நேரத்தில் ஈரம் நின்றால் அடிச்சாம்பல் நோய் வந்து குலையே மிஞ்சாது.

தின்கிற திராட்சை வைத்தவர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு, இனிப்புக்காகப் பொட்டாஷை அள்ளிப் போடுவார்கள். அது சாற்றின் டார்டாரிக் அமிலத்தோடு சேர்ந்து உப்பாகப் படிந்துவிடும். பிஎச் ஏறி, அதாவது புளிப்பு குறைந்து, ஒயின் தட்டையாகி, சீக்கிரம் கெடும்.

கடைசியாக அறுவடை. மேட்டு வரிசையும் பள்ளத்து வரிசையும் ஒரே நாளில் பழுப்பதில்லை. எல்லாவற்றையும் ஒரே கிரேட்டில் கொட்டினால், குழி எடுத்துத் தெரிந்துகொண்டது அத்தனையும் வீண். வரிசைக்கு வரிசை ரிப்பன் கட்டி, தனித்தனியாகப் பறித்து, தனித்தனியாக நொதிக்க விடுங்கள். பிறகு ருசி பார்த்து வேண்டுமானால் கலக்கலாம். நான் அப்புறம் மேலே ராகி விதைத்துவந்த கொல்லையில் நட்டதைத்தான் இப்போது ஒயினுக்குக் கொடுக்கிறேன். ஏரிக்குக் கீழே உள்ள அரை ஏக்கர் பழம் ஜூஸ் கடைக்குப் போகிறது.