ஓவியர் பூடான் வழியில் கடலை வரைவது எப்படி

கடலை வரைய உட்காருகிற பலரும் முதலில் அலையில்தான் கை வைப்பார்கள். பிரெஞ்சு ஓவியர் எழேன் பூடான் வானத்திலிருந்து தொடங்கச் சொல்லித்தருகிறார். 1824ல் பிரான்சின் ஓன்ஃப்ளர் துறைமுகத்தில் பிறந்த மாலுமி மகன், ல ஆவ்ர் நகரில், பின்னாளில் பெரிய ஓவியரான மோனேயைப் பதின்வயதில் வெளியே கூட்டிப்போய் வரையப் பழக்கியவர், 1874ல் நடந்த முதல் இம்ப்ரெஷனிஸ்ட் (கணத்துக்குக் கணம் மாறும் வெளிச்சத்தை வரைந்தவர்கள்) கண்காட்சியிலும் இடம்பெற்றவர். அவர் முறையை யாரும் பழகலாம்.

சின்னத் தாள்களும் பேஸ்டல் என்கிற வண்ணக்கட்டிகளும் போதும். தொடுவானத்தைத் தாளின் கீழ்ப்பகுதியில், கால்வாசி உயரத்தில் போடுங்கள், மீதி முழுக்க வானம். ஒரே தாளோடு இருபது நிமிடத்துக்கு மேல் மல்லுக்கட்ட வேண்டாம், அதற்குள் மேகம் நகர்ந்து வெளிச்சமே மாறிவிடும், பழையதைத் திருத்தாமல் புதுத் தாளை எடுங்கள். முடித்ததும் தேதி, நேரம், காற்று எப்படி அடித்தது என்பதை அதிலேயே குறித்துவையுங்கள். பூடான் அப்படித்தான் குறித்தார். 1859ல் அந்தத் தாள்களைப் பற்றி எழுதிய கவிஞர் போதலேர், குறிப்பைக் கையால் மறைத்தாலும் பருவமும் நேரமும் காற்றும் படத்திலிருந்தே தெரிந்துவிடும் என்றார். உங்கள் தாளையும் அப்படி மூடி ஒரு நண்பரிடம் காட்டுங்கள், காலையா மாலையா என்றாவது அவர் சொல்ல வேண்டும்.

அப்புறம் எண்ணெய் வண்ணம். வானத்துக்குக் கலந்ததில் மிச்சத்தைத் துடைத்துவிடாமல் தண்ணீருக்கும் கொஞ்சம் கொண்டுபோங்கள், இரண்டும் ஒட்டி நிற்பது அதனால்தான். தூரத்து அலைக்கு மெல்லிய கிடைத் தீற்றல், கரையோரம் வர வர அகலமாக. நிழலுக்குக் கறுப்பைத் தொடாமல் நீலத்தில் துளி ஆரஞ்சு கலந்து பாருங்கள். நுரை முழுக்க வெள்ளையைப் பூசினால் சுண்ணாம்பு மாதிரி செத்துப்போகும். வெயில் நேராகப் படுகிற இடத்துக்கு மட்டும் சுத்த வெள்ளை, அதுவும் கடைசியில்.

மோனே 1872 என்று தேதியிட்ட ‘இம்ப்ரெஷன், சூரிய உதயம்’ படத்தைக் கறுப்பு வெள்ளையாக்கிப் பாருங்கள், அந்த ஆரஞ்சுச் சூரியன் கிட்டத்தட்ட காணாமலே போய்விடும், ஏனென்றால் அதற்கும் சுற்றியுள்ள வானத்துக்கும் வெளிச்ச அளவு ஏறக்குறைய ஒன்றுதான், வேறுபடுவது நிறம் மட்டுமே. உங்கள் படத்தில் எது வெளிச்சத்தால், எது நிறத்தால் மட்டும் தனித்து நிற்கிறது என்று போனில் இப்படிச் சோதிக்கலாம்.

படத்தைத் தாங்கும் சட்டமான ஈசலைக் கயிற்றால் கட்டுங்கள். கடல் ஏறும் நேரத்தைக் கட்டாயம் விசாரித்துவிட்டு இடம் பிடியுங்கள்: 1885ல் பிரான்சின் எத்ரெதா கடற்கரைப் பாறைகளுக்கு அடியில் வரைந்துகொண்டிருந்த மோனேயை அலை அடித்துப்போட்டது, அவர் தப்பினார், படம் கடலோடு போனது.